கானகம் காட்டிய வழி

திருகோணமலை என்றவுடன் பிற ஊரார் நெஞ்சில் எழுவது கடலே. கோணமாமலையும் அதன் அடியில் மோதும் அலையும், பெருங்கப்பல்கள் அமைதியாக நிற்கும் துறைமுகமும், கொட்டியாரக் குடாவின் அகன்ற நீர்ப்பரப்பும் அவர்தம் கண்முன் தோன்றும். இவ்வூரிற் பிறந்து வளர்ந்த நாமும் பெரும்பாலும் கடலை நோக்கியே நிற்கிறோம். முதுகுப் புறத்தே மற்றொரு கடல் கிடக்கின்றது. அது பச்சைக் கடல். பன்குளத்துக்கு அப்பாலும், குச்சவெளி, திரியாய், புல்மோட்டை வழியே கொக்கிளாய் வரையிலும், அங்கிருந்து வன்னி முழுவதும் விரிந்து மன்னார்க் கரை வரையிலும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இடைவெளியின்றிப் பரந்திருந்த பெருங்காடு அது. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் ஓங்கிய அந்தக் காட்டை அறிந்தவர் தொகை நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

கல்லூரி மாணவரிடம் காட்டில் வாழ்ந்த வெள்ளையன் ஒருவன் பெயரைக் கூறுமாறு கேட்டால், தீவிலே தனித்து வாழ்ந்த றொபின்சன் குறூசோவின் பெயரை ஓரிருவர் கூறுவர். 1719 ஆம் ஆண்டில் டானியல் டீபோ எழுதி வெளியிட்ட கதையின் தலைவன் அவன். அக்கதைக்கு உரமாய் அமைந்த உண்மை வரலாறுகளுள் ஒன்று நமது கொட்டியாரக் குடாவிலே தொடங்கியது என்று அறிஞர் பலர் கருதுவர். இதனை நாம் கூறும்போது மாணவர் முகத்தில் ஐயமே தோன்றுகின்றது. ஆதலின் அவ்வரலாற்றை இவ்வாரம் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அதிலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு.

1659 ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடுவதற்காக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. கப்பல் தலைவர் பெயர் றொபேட் நொக்ஸ். உடன் வந்த மைந்தன் பெயரும் அதுவே. மைந்தனுக்கு அப்போது வயது 19. கரையிலிருந்த மக்களுடன் பண்டமாற்றுச் செய்து பழகி, அச்சமின்றி இருந்த வேளையில், 1660 ஏப்ரல் மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மைந்தனையும் மாலுமியர் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். மூதூரில் ஒரு புளியமரத்தின் கீழே அது நிகழ்ந்ததென வழிவழியாகக் கூறுவர். மறு ஆண்டு பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார். மைந்தன் தன் கையாலேயே அவரை அடக்கம் செய்தான். அதன்பின் அவன் அந்நாட்டில் இருந்தது ஏறக்குறைய 19 ஆண்டுகள்.

சிறை என்றால் கற்சுவரும் இரும்புக் கதவும் என்று எண்ண வேண்டா. கைதிகள் ஊர்களிலே பகிர்ந்து வைக்கப்பட்டனர். ஊரார் அவர்களுக்கு உணவளித்தனர். நொக்ஸ் வீடு கட்டினார். கோழியும் பன்றியும் வளர்த்தார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஆயினும் வெளியேற இயலவில்லை. மலைநாட்டைச் சூழ்ந்து நின்ற காடே மதிலாயிற்று. கண்டி அரசர் அக்காட்டை வேண்டுமென்றே வளரவிட்டனர். காட்டினூடே சென்ற ஒற்றையடிப் பாதைகளில் முட்கடவைகள் அமைத்துக் காவலர் இருத்தினர். அரணைப் பற்றி உரைத்த வள்ளுவர் காட்டையும் அதன் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தது எத்துணைப் பொருத்தம்! பகைவரை உள்ளே விடாத காடு, உள்ளே இருந்தோரையும் வெளியே விடவில்லை.

இந்த மதிலை நொக்ஸ் தாண்டியது எவ்வாறு? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது உள்ளது. அவர் ஓரிரவில் துணிந்து ஓடினவர் அல்லர். ஸ்டீவன் ரட்லன்ட் என்னும் தோழரைச் சேர்த்துக்கொண்டு, முதலில் வணிகராய்ப் புறப்பட்டார். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றை மூட்டையாகக் கட்டி, மலைநாட்டிலிருந்து வடக்கே தாழ்நிலத்துக்குச் சென்று வீடு வீடாய் விற்றார். வடக்கைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அப்பக்கமே மக்கள் குறைந்த பக்கம். அதற்கப்பால் வன்னியர் நிலம். அதற்கும் அப்பால் ஒல்லாந்தர் ஆண்ட மன்னார்க் கரை. விற்பனை ஒரு போர்வையே. பாதை எங்கே பிரிகின்றது, ஆறு எத்திசையில் ஓடுகின்றது, காவல் எங்கே நிற்கின்றது, எந்த ஊருக்குப் பின் ஊரில்லை என்பவற்றை ஊராரின் பேச்சிலிருந்து சிறிது சிறிதாய்ச் சேர்த்தார். கேள்வியை நேராகக் கேட்டால் ஐயம் எழும். எனவே விலை பேசுவார், ஊர்க்கதை பேசுவார். இடையிலே பாதை தானாக வெளிப்படும்.

இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தன. வடபுறத்துத் தேங்கு நீரைக் குடித்ததால் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. அது நம் முன்னோர் நன்கறிந்த முறைக்காய்ச்சல். காட்டை நம் மக்கள் அஞ்சியதற்கு யானையினும் இக்காய்ச்சலே பெருங் காரணமாய் இருந்தது. இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016 ஆம் ஆண்டிலேதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காலத்தில் காட்டு வழி சென்றவர் எத்தகைய ஆபத்தைத் தோளிற் சுமந்தனர் என்பது விளங்கும். நொக்ஸின் காய்ச்சலுக்கு மருந்து கூறியவரும் அந்நாட்டவரே. உலர்ந்த இலையொன்றைப் பொடித்து, கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்ணுமாறு கற்பித்தனர். பின்னர் வந்தது வரட்சி. மழை பொய்த்து வடக்கே குளங்கள் வற்ற, மூன்று நான்கு ஆண்டுகள் அப்பக்கம் செல்லவே இயலாதாயிற்று. நீரில்லாக் காட்டிலே துணிவு என்ன செய்யும்? அவர் காத்திருந்தார்.

1679 செப்டெம்பர் 22 ஆம் நாள் இருவரும் இறுதியாகப் புறப்பட்டனர். தோளில் வழக்கமான மூட்டை. வாயில் வழக்கமான வணிகப் பேச்சு. எல்லைப்புறத்து அதிகாரி ஒருவர் வினவியபோது, உலர்ந்த மானிறைச்சி வாங்க வந்தோம் என்றனர். அநுராதபுரத்தை அடுத்த வெளியில் அவர்கள் தமிழ் பேசும் மக்களிடையே வந்து நின்றனர். சிங்களம் நன்கறிந்த நொக்ஸுக்குத் தமிழ் தெரியாது. அம்மக்களுக்கு இவர் கூறியது விளங்கவில்லை. அவர்களைத் தம் தலைவரிடம் அழைத்துச் சென்றனர். சிங்களம் அறிந்த அத்தலைவர் இவர் கூற்றை நம்பி விட்டுவிட்டார். ஒரு மொழி அறிந்ததால் பல ஆண்டு பிழைத்த மனிதர், மற்றொரு மொழி அறியாமையால் ஒரு நாளில் அகப்படவிருந்தார். காட்டில் வழி தேடுவோர்க்கு மொழியும் ஒரு கருவி என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அநுராதபுரத்தில் தங்கிய சில நாள்களில் அவர்கள் சேர்த்த பொருள்களைக் கேளுங்கள். பத்து நாளைக்குப் போதுமான அரிசி, இறைச்சி, மீன், உப்பு, மிளகு, சோறு சமைக்க ஒரு பாத்திரம், நீர் கொண்டு செல்ல இரண்டு சுரைக்குடுக்கை, மழைக்கும் வெயிலுக்கும் கூடாரமாய் விரிக்க இரண்டு தாளிப்பனை ஓலை, தீ மூட்டும் கருவி ஒன்று பழுதானால் மற்றொன்று உதவுமாறு இரண்டு மூன்று, முள்ளுக்கு அஞ்சிக் காலணி செய்ய மான்தோல், ஆளுக்கொரு கத்தி, நீண்ட கோலிலே பொருத்திய சிறு கோடரி. இவ்வளவே. இன்று காட்டில் முகாமிடச் செல்வோர் வாங்கும் பொருள்களின் பட்டியலை நாம் கண்டிருக்கின்றோம். அதன் நீளம் வியக்கத்தக்கது. அப்பட்டியலையும் இதனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உணவு, நீர், தீ, கூரை, காலணி, கத்தி என்னும் ஆறும் இரண்டிலும் உண்டு. மற்றவை வசதி.

யாழ்ப்பாணம் செல்லும் பெருவழியிலே காவல் இருந்தது. ஆகவே வழியைக் கைவிட்டு ஆற்றைப் பிடித்தனர். அது சிங்களத்தில் மல்வத்து ஓயா எனவும் தமிழில் அருவியாறு எனவும் வழங்கும் ஆறு. 164 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாறு அநுராதபுரத்தைக் கடந்து வடமேற்கே காட்டினூடு ஓடி, அரிப்புக்கு அருகே கடலை அடைகின்றது. ஆறு பொய் சொல்லாது. எத்தனை வளைவு வளைந்தாலும் முடிவில் கடலுக்கே கொண்டு செல்லும். ஒக்டோபர் 12 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் காட்டிலே இறங்கினர்.

அந்த ஒரு வாரத்தை நொக்ஸ் பின்னர் மிகை சிறிதுமின்றி எழுதி வைத்தார். கரையோரம் முட்செறிந்து கிடந்தது. யானையும் கரடியும் புலியும் அங்கே உலாவின என்றார். நம் தீவில் வரிப்புலி இல்லை. அவர் குறித்தது சிறுத்தையே. ஓரிடத்தில் மனிதக் குரல் கேட்கவே, இருவரும் பொந்து விழுந்த மரமொன்றினுள் நுழைந்து, சேற்றிலும் ஈரத்திலும் இருள் சூழும் வரை ஒடுங்கிக் கிடந்தனர். ஓரிரவு யானையொன்று வழியை மறித்து நின்றது. ஆரவாரம் செய்தும் அது அகலவில்லை. அவர்கள் பிடிவாதம் செய்யாது தீ மூட்டி அமர்ந்து விடியும் வரை பொறுத்தனர். ஆற்றின் இருமருங்கும் செதுக்கிய கற்றூண்கள் நிமிர்ந்தும் சரிந்தும் நின்றதையும், கற்பாலங்களின் சிதைவுகளையும் அவர் கண்டார். காடு என்று தாம் அஞ்சிய இடம் ஒரு காலத்தில் நாடாய் இருந்தது என்பதை உணர்ந்தார். திரியாய் மலைமேல் ஏறி, அங்குள்ள பழைய தூண்களைக் கண்ட நம்மவர்க்கு இவ்வுணர்வு புதிதன்று.

கீழே இறங்க இறங்கக் கண்டி மன்னனின் எல்லை பின்னே சென்றது. வன்னியர் நிலம் வந்தது. அங்கே மரத்தடியில் சோறு சமைத்துக் கொண்டிருந்த அந்தணர் இருவரைக் கண்டு, கத்தி முதலிய சில பொருளைக் கொடுத்து வழி வினவினர். அவர்களும் அன்புடன் வழி கூறினர். ஒக்டோபர் 18 ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகலில், இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். ஏறக்குறைய 20 ஆண்டுச் சிறை. ஒரு வாரக் காடு.

நொக்ஸ் 1680 இல் இலண்டன் சேர்ந்தார். மறு ஆண்டே, 1681 இல், இலங்கையைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. நம் நாட்டு உழவரின் உணவு, உடை, நோய், மருந்து, பயிர்த்தொழில் ஆகியவற்றை அத்துணை நெருங்கிக் கண்டு அக்காலத்தில் எழுதினவர் வேறு எவரும் இலர் எனலாம். வேடர் தம் வேட்டை இறைச்சியை மரப்பொந்திலே தேனிலிட்டு, களிமண்ணால் வாயை அடைத்துப் பாதுகாத்தனர் என்னும் செய்தியும் அதிலே உள்ளது.

இப்போது இவ்வரலாற்றின் உட்பொருளுக்கு வருவோம். இதனை நொக்ஸின் வீரக் கதையாகவே பலர் கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவருடைய பயணத்தில் எந்தப் பகுதியை எடுத்து நோக்கினும் அங்கே உள்ளூரார் ஒருவர் நிற்கின்றார். பாதையைப் பேச்சிலே தந்தவர் ஊரார். காய்ச்சலுக்கு மருந்து தந்தவர் ஊரார். தாளிப்பனை ஓலையைக் கூடாரமாக்கும் முறையும், அரிசியும் உப்பும், மான்தோலும், இறுதியில் வழியும் தந்தவர் இந்நாட்டு மக்களே. பெயர் எழுதப்படாத அம்மக்கள் அறிவை நீக்கிவிட்டால் எஞ்சுவது காட்டிடையே நடுங்கி நிற்கும் அயலான் ஒருவனே. காடு உயிரைக் காத்தது வீரத்தால் அன்று. கடனாகப் பெற்ற அறிவால். அக்கடனை அவர் நூலெழுதி ஒரு பகுதி தீர்த்தார் எனலாம்.

முழுதும் தீர்த்தாரா? கசப்பான செய்தி ஒன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அதே நொக்ஸ் பின்னாளில் கப்பல் தலைவராகி, அடிமைகளைக் கொள்வதற்காக மடகாசுகர் தீவுக்குச் சென்றார். தாம் 19 ஆண்டு விரும்பிய விடுதலையைப் பிறரிடமிருந்து விலைக்குப் பறிக்கும் தொழிலில் அவர் நெஞ்சு கூசவில்லை. காடு பொறுமையைக் கற்பிக்கும், நுண்ணறிவைக் கற்பிக்கும். அறத்தைக் கற்பது அவரவர் பொறுப்பு. இதனையும் மாணவர் அறிதல் வேண்டும்.

அந்தணரும் ஊராரும் நொக்ஸுக்குக் கொடுத்த அறிவு நம் மாவட்டத்தில் இன்றும் முற்றாக மறையவில்லை. மூதூருக்குத் தெற்கேயும் வெருகற் பக்கத்திலும் வாழும் கரையோர வேடர் வழிவந்தோரிடமும், தேன் எடுப்போரிடமும், மாடு மேய்ப்போரிடமும், குளக்கட்டு ஊர்களில் வாழும் தமிழர் முஸ்லிம்கள் சிங்களவர் ஆகிய எல்லா முதியோரிடமும் அது சிதறிக் கிடக்கின்றது. அவர்கள் வாய்மொழியாகக் கேட்டவற்றுட் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

தொலைவில் மருத மரங்கள் வரிசையாக ஓங்கி நின்றால் அங்கே ஆறு உண்டு. ஆறு வற்றியிருப்பினும் வளைவிலே மணலைத் தோண்டினால் நீர் ஊறும். மாரி தொடங்கிய பின் ஆற்று மணலில் உறங்கலாகாது; மேலே பெய்த மழை நள்ளிரவில் வந்து சேரும். யானைக்குப் பார்வை குறைவு, மோப்பம் மிகுதி. ஆகவே ஒரு பிடி புழுதியைத் தூவிக் காற்றுச் செல்லும் திசையை அறிந்தே அதன் பக்கம் நடத்தல் வேண்டும். இலத்தி சூடாயிருந்தால் வந்த வழியே திரும்புதல் நன்று. பாலைப்பழம் கனியும் ஆனி ஆடி மாதங்களில் கரடி அம்மரத்தை நாடி வரும். அக்காலத்தில் பாலை மரத்தடியில் ஓசையின்றிச் செல்லலாகாது. கரடி பகைத்துத் தாக்குவதினும் திடுக்கிட்டுத் தாக்குவதே மிகுதி. பேசிக்கொண்டு செல்வோர்க்கு அது பெரும்பாலும் விலகிவிடும். வழி தவறியவன் ஓடலாகாது. அமர்ந்து, நீர் அருந்தி, கடைசியாகத் தெரிந்த அடையாளத்தை நினைவிற் கொண்டுவர வேண்டும்.

காட்டினுட் புகுமுன் பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ ஒரு குழை முறித்து மரக்கிளையில் இட்டுச் செல்லும் வழக்கம் வன்னிப் பாதைகளில் உண்டு. வழிபாடு என்ற அளவில் அது அவரவர் நம்பிக்கை. ஆயினும் வேறொரு பயனும் அதில் நாம் காண்கிறோம். குழை முறிக்க நிற்பவன் ஒரு கணம் நிற்கின்றான். எங்கே நிற்கின்றோம், எங்கே போகின்றோம் என எண்ணுகின்றான். பின்னே வருவோர்க்கும், ஒருவன் இவ்வழி சென்றான் என்பதற்கு வாடாத குழை சான்றாகின்றது.

இவ்வறிவு மறைந்துவரும் காரணத்தையும் கூறல் வேண்டும். 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே காடு அச்சத்தின் இருப்பிடமாயிற்று. விறகுக்கும் தேனுக்கும் சென்ற கால்கள் நின்றன. ஊர்கள் இடம்பெயர்ந்தன, முதியோர் காட்டிலிருந்து வெகுதூரத்தில் கண்மூடினர். தந்தையுடன் காட்டுக்குப் போகாத ஒரு தலைமுறை வளர்ந்து, இன்று தானும் தந்தையாகிவிட்டது. மறுபுறம் காடும் சுருங்குகின்றது. சுருங்கிய காட்டிலிருந்து யானை வயலுக்கு வருகின்றது. யானையின் இயல்பை அறியாத இளைஞர் அதன் பின்னே கூச்சலிட்டு ஓடுவதும், கைப்பேசியில் படமெடுக்க அருகே செல்வதும் நாம் காணும் காட்சிகள். அறியாமையின் விலை அங்கே உயிர்.

ஆகவே எல்லோரும் காட்டுக்குள் புகுங்கள் என்று நாம் கூறவில்லை. ஒதுக்கிய காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதி பெற்றே செல்லல் வேண்டும். வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் 1937 முதல் இந்நாட்டில் உண்டு. அதனை மதித்தல் கடமை. போர் நிகழ்ந்த பகுதிகளில் மக்கள் பழகாத பாதையில் கால் வைத்தல் தகாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாது ஒருவரும் செல்லலாகாது. நொக்ஸே ஆண்டுக் கணக்கில் கேட்டறிந்த பின்னர்தான் இறங்கினார் என்பதை மறவாதீர்.

நாம் வேண்டுவது இதனினும் எளிது. உங்கள் வீட்டிலோ அயலிலோ காட்டை அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். இவ்விடுமுறையில் உங்கள் பிள்ளையை ஒரு குறிப்பேட்டுடன் அவரிடம் அனுப்புங்கள். பத்து மரத்தின் பெயர், ஐந்து காட்டுப் பழத்தின் காலம், மூன்று நீர்நிலைக்குச் செல்லும் வழி, யானையைக் கண்டால் செய்ய வேண்டியது ஆகிய இவற்றை அவர் வாயாற் கேட்டு எழுதி வரட்டும். கூறியவர் பெயரையும் ஊரையும் மேலே எழுதுமாறு சொல்லுங்கள். நொக்ஸுக்கு வழி கூறிய அந்தணர் இருவர் பெயரும், மருந்து கற்பித்தவர் பெயரும் இன்று எவருக்கும் தெரியாது. நமக்கு வழி கூறுவோர் பெயராவது எழுதப்படட்டும்.